நாய்ப் புழுவுக்கு எதற்கு உண்ணிக் காய்ச்சல் மாத்திரை?

ஆசிரியருக்கு வணக்கம்.

பட்டி நாய்களுக்குக் குடற்புழு நீக்கம் செய்வது பற்றி உங்கள் வேளாண் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நம் பகுதியில் நாய் என்றாலே ஆடுகளைக் கடித்துக் கொன்ற செய்திதான் பத்திரிகையில் வருகிறது. பட்டியைக் காக்கிற நாயின் உடம்பைப் பற்றியும் ஒருவர் எழுதியது சந்தோஷம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்துவிட்டால் புழுத் தொல்லையே இல்லை என்று கட்டுரையை முடித்திருந்தது சரியில்லை. அந்த மாத்திரை குடலில் இருக்கிற புழுவுக்கு. கொசு கடித்து உடம்புக்குள் போகிற புழுவை அது ஒன்றும் செய்யாது.

கொசு பரப்பும் இந்தப் புழுக்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று இதயப் புழு, டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ். பெண் புழு 25 முதல் 30 செ.மீ. வரை நீளம். நாயின் இதயத்தை ஒட்டிய நுரையீரல் ரத்தக் குழாயில் ஐந்தாறு வருடம் உயிரோடு கிடக்கும். இன்னொன்று டைரோஃபைலேரியா ரிப்பென்ஸ். தோலுக்கு அடியில் வாழும். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளத்தில், மனிதர்களின் கண்ணிலிருந்தே இந்தப் புழுவை எடுத்திருக்கிறார்கள். கொசுவுக்கு வாளையாறு சோதனைச் சாவடி கிடையாது.

இரண்டு புழுவுக்கும் உள்ளே ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. பெயர் வோல்பாக்கியா. 1924-இல் கொசுவுக்குள் முதலில் கண்டுபிடித்தார்கள். டெங்குவைக் கட்டுப்படுத்த இதை ஏற்றிய கொசுக்களைப் புதுச்சேரியில் உருவாக்கியிருப்பதாகச் சில வருடங்களுக்கு முன் செய்தி வந்ததே, அதே வோல்பாக்கியாதான், வகை மட்டும் வேறு. புழுக்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் 1970-களிலேயே உள்ளே ஏதோ பாக்டீரியா போல இருக்கிறது என்று எழுதினார்கள். இதயப் புழுவில் இருப்பது வோல்பாக்கியாதான் என்று உறுதியானது 1995-இல்.

இது நாய்க்கு வந்த தொற்று இல்லை. தாய்ப் புழுவின் முட்டை வழியாகக் குட்டிப் புழுவுக்குப் போகிறது, தலைமுறை தலைமுறையாக. புழுவால் தானே செய்துகொள்ள முடியாத சில சத்துகளை இது செய்து கொடுப்பதாகச் சொல்கிறார்கள். பாக்டீரியா இல்லாவிட்டால் பெண் புழு குட்டி போடுவது நின்றுவிடும், மெல்ல மெல்லப் புழுவும் நலிந்துபோகும். யானைக்கால் நோய்ப் புழுவுக்குள்ளும் இதே கதைதான். இந்த இனப் புழுக்களுக்கு ஃபைலேரியா என்று பெயர். எல்லா ஃபைலேரியா புழுவுக்கும் இந்தத் துணை உண்டு என்று நினைக்க வேண்டாம். ஆப்பிரிக்காவில் கண்ணுக்கு வருகிற லோவா லோவா புழுவுக்கு இது இல்லை.

சரி, இதெல்லாம் பட்டிக்காரருக்கு எதற்கு? மருத்துவர் எழுதிக் கொடுக்கிற டாக்சிசைக்ளின் மாத்திரைக்காகத்தான் சொல்கிறேன். நான் வேலையில் இருந்த காலத்தில் அடிக்கடி கேட்ட கேள்வி இது: “ஏனுங்க, இது உண்ணிக் காய்ச்சலுக்குக் குடுக்கற மாத்திரைதானுங்க, புழுவுக்கு எதுக்குங்க?” கேள்வி நியாயமானது. பதில் சொல்ல ஆள் இல்லாததால் ஒரு வாரம் கொடுத்துவிட்டு, நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று நிறுத்திவிடுவார்கள். அந்த மாத்திரை புழுவை நேராகக் கொல்வதற்கு இல்லை, புழுவுக்குள் இருக்கிற பாக்டீரியாவைக் கொல்வதற்கு. அதற்கு நாளாகும். இதயப் புழுவுக்கு இரண்டு வேளையாக 28 நாள் என்பது அமெரிக்க இதயப் புழுச் சங்கத்தின் பரிந்துரை. அளவை நாயின் எடையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும், சோற்றோடு கொடுங்கள். பாலில் கரைத்து வைக்காதீர்கள், மருந்து உடம்பில் ஏறுவது குறையும்.

பாக்டீரியாவை முதலில் தீர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புழு செத்துச் சிதையும்போது அதற்குள் இருந்த வோல்பாக்கியா மொத்தமும் ரத்தத்தில் கொட்டும், நுரையீரலில் அழற்சி ஏறும். அதனால்தான் மாத்திரையை முடித்து, ஒரு மாதம் இடைவெளி விட்டு, அப்புறம்தான் பெரிய புழுவைக் கொல்லும் மெலார்சோமின் ஊசி போடச் சொல்கிறார்கள். மாத்திரையை முழுதாக முடித்த நாயைக் கடித்த கொசு இன்னொரு நாயைக் கடித்தாலும், அந்தப் புழு அங்கே ஒழுங்காக வளர்வதில்லை என்பதையும் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஒரு தோட்டத்து நாய்க்குக் கொடுக்கிற மாத்திரை பக்கத்துத் தோட்டத்து நாயையும் காப்பாற்றுகிறது. ஐரோப்பாவில் நரிகளிலும் ஓநாய்களிலும் இந்தப் புழுக்களைக் கண்டிருக்கிறார்கள். நம் ஆனைமலையிலும் சத்தியமங்கலத்திலும் செந்நாய் இருக்கிறது, நரி கொறங்காடு (மேய்ச்சல் நிலம்) வரை வந்து போகிறது. அவற்றுக்கு யார் 28 நாள் மாத்திரை கொடுப்பது? வீட்டு நாயைத்தான் நாம் பார்க்க முடியும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆட்டுக்கு வாங்கி வைத்த ஐவர்மெக்டின் ஊசியை, உண்ணி போகட்டும் என்று நாய்க்கும் தாங்களே போட்டுவிடுகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. ரத்தத்தில் குட்டிப் புழுக்கள் நிறைய இருக்கிற நாய்க்கு, அந்த மருந்தால் அவை ஒரே நேரத்தில் செத்தால் அதிர்ச்சியாகி நாய் விழுந்துவிடலாம். கோலி (Collie) என்கிற இன நாய்களுக்குப் புழு இல்லாவிட்டாலும் அந்த மருந்து ஆபத்துதான். ஊசிக்கு முன் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாயங்காலத்துக்கு மேல் எடுத்தால் குட்டிப் புழு தெரிய வாய்ப்பு அதிகம்.

நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்குள்ள பேராசிரியர் ஒருவரிடம் கேட்டு, கொசுவால் வரும் நாய்ப் புழுக்களைப் பற்றி அதே பக்கத்தில் விரிவாக ஒரு கட்டுரை போடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி முகாம்களுக்கு எப்படியும் நாய்களைக் கூட்டி வருகிறார்கள். அங்கேயே இந்த ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்று கால்நடைத் துறையிடம் உங்கள் செய்தியாளர் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

– ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
வெள்ளக்கோயில்.