அந்தக் கேள்விக்கு என் பதில்

உச்சிப்புளி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பத்தாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. போனில் கூப்பிட்டால் "சரிப்பா, வேலை இருக்குப்பா" என்று வைத்துவிடுகிறாய். தபாலாபீஸிலேயே காலத்தை ஓட்டியவன் நான். கடிதம் என்றால் நின்று படிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஆபீஸ் டிரெயினிங் என்று வடக்கே போய் வந்தாயே, அதிலிருந்து உன் குரல் சரியில்லை என்கிறாள் அம்மா. வேலைப்பளுவாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன் பேங்க் கணக்கில் இன்னும் என் போன் நம்பர்தான் இருக்கிறது. ஒழிந்த நேரத்தில் மாற்றிக்கொள்.

விஷயம் என்னவென்றால், பரமக்குடி அத்தை மகன் நேவியில் ஆபீஸராகப் போகவேண்டும் என்கிறான். இந்த வருஷம் பி.இ. முடிக்கிறான். எனக்குத் தெரிந்ததைக் கேட்டான். நான் நம் ஊர் நேவி விமானத்தளம் பருந்து கேம்பில் இருந்து ரிட்டையர் ஆனவரைப் பிடித்து (நம் வீட்டுக்கு மணியார்டர் விஷயமாக வருவாரே, அவர்தான்) ஒரு சாயங்காலம் முழுக்கக் கேட்டு எழுதிக்கொண்டேன். அவனுக்குச் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன். தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அவனுக்கு யுபிஎஸ்சி நடத்துகிற சிடிஎஸ், அதாவது முப்படை ஆபீஸர் தேர்வு, ஒரு வழி. வருஷத்துக்கு இரண்டு முறை வரும். கடற்படைக்கு இன்ஜினியரிங் டிகிரி வேண்டும். இங்கிலீஷ், பொது அறிவு, கணக்கு, மூன்றுக்கும் நூறு நூறு மார்க். அது முடிந்தால் எஸ்எஸ்பி என்று அஞ்சு நாள் நேரில் வைத்துச் சோதிக்கிற தேர்வு. அதற்கும் முந்நூறு மார்க். அதாவது, உட்கார்ந்து படித்து எழுதுவதற்கு எவ்வளவு மதிப்போ, அந்த அஞ்சு நாளுக்கும் அவ்வளவு மதிப்பு. சிடிஎஸ் எழுதுகிற பெண்பிள்ளைகள் பரங்கிமலையில் இருக்கிற ராணுவ ஆபீஸர் பயிற்சி மையம் ஓடிஏவுக்குப் போகிறார்கள் என்றார். டிகிரி முடித்த பெண்பிள்ளைகள் கடற்படைக்குப் போகிற வழி ஷார்ட் சர்வீஸ், அதாவது குறிப்பிட்ட வருஷங்களுக்கு மட்டுமான ஆபீஸர் வேலை. அதற்கு எழுத்துத் தேர்வு கிடையாதாம். டிகிரி மார்க்கை வைத்து வரிசைப்படுத்தி நேரே எஸ்எஸ்பிக்குக் கூப்பிடுகிறார்கள். அறுபது சதவீதம் வேண்டும். உனக்கு அதற்கு மேலேயே இருக்கிறது, நான் சரிபார்த்துவிட்டேன்.

வயசுதான் பாப்பா முக்கியம். இத்தனை வயசு என்று போடமாட்டார்கள், இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் நடுவில் பிறந்திருக்க வேண்டும் என்று போடுவார்கள். பிரிவுக்குப் பிரிவு மாறும். பைலட்டுக்கு வயசு குறைவு, கல்விப் பிரிவுக்கு எம்.டெக். படித்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். நீ எல்லாப் பிரிவையும் பார். லாஜிஸ்டிக்ஸ் இருக்கிறது, ஏர் டிராஃபிக் இருக்கிறது, ஆயுதங்களைச் சோதித்து வாங்குகிற பிரிவு இருக்கிறது. புதுச்சேரிப் பெண் ரூபா அந்த ஆயுதச் சோதனைப் பிரிவில்தான் சேர்ந்தார். அவரும் கோழிக்கோட்டு தில்னாவும், ஐம்பத்தாறு அடி நீளப் பாய்மரப் படகு தாரிணியில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி, தென் அமெரிக்காவின் கேப் ஹார்ன் முனையைச் சுற்றி, 2025 மே 29 அன்று கோவாவுக்கே வந்து சேர்ந்தார்கள். எட்டு மாசம், இரண்டே பேர். பேப்பரில் வந்த படத்தை வெட்டி உன் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளைகளைப் பெத்தவங்க எப்படித் தூங்கினாங்களோ" என்றாள். அப்புறம் அவளாகவே, "நம்ம பாப்பாவும் இப்படித்தான் நிப்பா" என்றாள். அம்மா சொன்னதை உனக்கு எழுதவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

எஸ்எஸ்பி பற்றி அவர் நிறையச் சொன்னார். நான் அதுவரை இன்டர்வியூ என்றால் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்வது என்றே நினைத்திருந்தேன். முதல் நாளே ஒரு மங்கலான படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்லி, குழுவாகப் பேசவைத்து, பாதிப் பேரை மதியத்துக்குள் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். நின்றவர்களுக்கு மறுநாள் பதினைந்து விநாடிக்கு ஒரு வார்த்தை காட்டி, மனசில் பட்டதை எழுதச் சொல்வார்களாம், அப்படி அறுபது வார்த்தை. பிறகு கயிறு, பலகை, டிரம் கொடுத்து ஒரு குழுவையே தடைகளைத் தாண்ட வைப்பார்கள். யார் சத்தம் போடுகிறான் என்று பார்ப்பதில்லையாம், யார் அடுத்தவனுக்குக் கை கொடுக்கிறான் என்று பார்ப்பார்களாம். கடைசி நாள் கான்ஃபரன்ஸ். எல்லா ஆபீஸர்களும் யூனிஃபார்மில் சுற்றி உட்கார்ந்திருக்க ஒவ்வொருவராக உள்ளே போய் வரவேண்டும். அப்புறம் மார்பில் குத்தின நம்பரை வாசிப்பார்கள். நம்பர் வந்தவர்கள் மெடிக்கலுக்குப் போவார்கள். வராதவர்கள் அன்றைக்கே ரயில் ஏறவேண்டும். பாதிக்கு மேல் அப்படித்தானாம், சில சமயம் ஒரு குழுவில் ஒருத்தர்கூடத் தேறுவதில்லையாம்.

எஸ்எஸ்பி நடக்கிற ஊர்களில் ஒன்று போபால். அங்கிருந்து இங்கே வருவதென்றால் ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். அந்த ரயிலில் பேச ஒருத்தர் இல்லாமல் உட்கார்ந்து வருகிற பிள்ளைகளை நினைத்து அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் ஒன்றை அடித்துச் சொன்னார். வயசு இருக்கிற வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம், கணக்கே கிடையாது. ஒருமுறை திரும்பி வந்தது அடுத்த முறைக்குக் குறை இல்லை. அங்கே மூன்றாவது, நாலாவது தடவையில் தேறினவர்கள் கீழே அவரே வேலை பார்த்திருக்கிறார். பைலட்டுக்கான மெஷின் டெஸ்ட் மட்டும்தான் ஆயுசுக்கு ஒரே தடவை. முதல்முறை போகிறவர்களுக்கு மூன்றாம் ஏசி ரயில் சார்ஜைத் திருப்பிக் கணக்கில் போட்டுவிடுவார்கள் என்றும் சொன்னார். அம்மாவுக்கு அந்த விவரம் தெரியாது. நானும் சொல்லவில்லை.

கண்ணைப் பார்த்துக்கொள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் போன் பார்க்காதே. நிறம் பிரித்துப் பார்ப்பதையும் சோதிப்பார்கள். உனக்கு அதில் குறை இல்லை, இருந்தாலும் கண்ணைப் பார்த்துக்கொள். நீச்சலை விடாதே. ஊருணியில் நீ மூச்சுப் பிடித்தது போதாது, அங்கே உயரத்தில் இருந்து குதிக்கவும் வேண்டுமாம்.

கல்யாணப் பேச்சைப் பற்றிக் கவலைப்படாதே. சேரும்போதும் பயிற்சிக் காலத்திலும் கல்யாணம் ஆகியிருக்கக்கூடாது என்பது அவர்கள் விதி. அம்மாவிடம் அதை விதியாகவே சொல்லிவிட்டேன். பத்து வருஷ சர்வீஸ், நீட்டித்தால் பதினாலு, அப்புறம் என்ன செய்வாள் என்று கேட்டாள். 2020-ல் சுப்ரீம் கோர்ட் பெண்களுக்கும் நிரந்தரப் பணி கொடுக்கச் சொன்னதைச் சொன்னேன். ராமநாதபுரத்து வரனுக்கு நானே பதில் சொல்லிவிட்டேன். நீ அதைக் கேட்கவே வேண்டாம்.

இப்போது எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். அந்த எஸ்எஸ்பியில் ஒரு தாள் கொடுத்து, உன் பெற்றோர் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எழுதச் சொல்வார்களாம். அதைக் கேட்டதும், நம் வீட்டில் யாரும் யாரிடமும் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதில்லையே, பிள்ளை எதை எழுதுவாள் என்று தோன்றியது. அதனால் நான் எழுதித் தருகிறேன்.

நீ பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, நான் மதுரையில் இருந்த ராத்திரி, அப்பத்தா வழுக்கி விழுந்தாள். நீயே ஆட்டோ பிடித்து ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போட்ட பிறகுதான் எனக்குப் போன் செய்தாய். "எல்லாம் முடிஞ்சிருச்சுப்பா, பதறாதீங்க" என்றாய். அப்பா உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்றால், இதுதான். பொறுப்பு வந்தால் ஓடாதவள். பக்கத்தில் இருக்கிறவர்களைப் பதறவிடாதவள். அன்றைக்கு ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன், உன்னிடம்தான் சொல்லவில்லை.

குறையும் எழுதச் சொன்னால் இதை எழுது: கஷ்டத்தைத் தானே வைத்துக்கொள்வாள், நல்லது நடந்தால் மட்டும் வீட்டுக்குச் சொல்வாள், அதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வருத்தம் உண்டு. உண்மையாக எழுதினால் அவர்கள் மதிப்பார்கள் என்று அந்த மனிதர் சொன்னார். எனக்கும் அந்த வருத்தம் உண்மைதான் பாப்பா. நீ தோற்று வந்தாலும் ஜெயித்து வந்தாலும் இறங்க வேண்டிய ஸ்டேஷன் உச்சிப்புளிதான்.

பயிற்சி கேரளத்து ஏழிமலையில். பையனூரில் இறங்கவேண்டும். சங்கப் பாட்டில் நன்னன் ஆண்ட ஏழில் மலை அதுதான் என்று உன் தமிழம்மா சொல்லிக்கொடுத்திருப்பாரே. அங்கே அணிவகுப்பு முடிந்ததும் தோளில் பட்டையைக் குத்திவிட அம்மா அப்பாவைக் கூப்பிடுவார்களாம். அம்மா இப்போதே எந்தப் புடவை என்று கேட்கிறாள். நீ அவசரப்படாதே. உன்னால் முடிகிறபோது போ.

அடுத்த அறிவிப்பு வந்தால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயரைப் போடு. ஆதாரில் உன் இனிஷியலை விரித்து எழுதியிருக்கிறார்கள், சான்றிதழில் ஒற்றை எழுத்துதான். அதை இப்போதே திருத்திவிட வேண்டும். வருகிற சனிக்கிழமை கிளம்பி வா, இ-சேவை மையத்துக்குப் போய்விட்டு வரலாம். அம்மா கேட்டால் ஆதாருக்காக என்று சொல். உடைந்த கண்ணாடி ஃபிரேமையும் எடுத்து வா.

இப்படிக்கு,
அப்பா