வாசகர் வட்டம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் 11 கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் கூட்டம் மழையால் தள்ளிப்போய் நடக்காமலே போய்விட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நாம் பேசிய நாவல்களில் மூன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். படிக்காதவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

முதலில் தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. 2023ஆம் ஆண்டு சாகித்ய அகாடமி விருது பெற்றது. கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பங்களின் கதை. காரு மாமா இறந்துபோகிறார். சாவுக்குச் சொந்தபந்தம் கூடுகிறது. அதைச் சுற்றியே ஒரு தலைமுறையின் பாடும் பகையும் பாசமும் விரிகின்றன. 'யாதும் ஊரே' என்ற முதல் வரியோடு நாம் நிறுத்திக்கொள்ளும் கணியன் பூங்குன்றனார் பாட்டில்தான் இந்தத் தலைப்பும் இருக்கிறது. ஆற்றோடு போகும் தெப்பம்போல உயிர் போகும் என்கிற இடம்.

இந்த நாவலைப் பேசிய அன்று, பல வருடங்களாகப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு மட்டும் போகும் நம் உறுப்பினர் ஒருவர் எழுந்து நின்றார். களத்தில் கூலி நெல்லுக்காகத் தன் தாத்தா கடைசி ஆளாகக் காத்து நிற்பாராம். அடுத்த மாதம் தாத்தாவின் அடைப்பத்தையே, அதாவது நாவிதர் கருவிப் பையையே, கொண்டுவந்தார். தோல் வெடித்துப்போன பை, ஒரு கத்தி, ஒரு கிண்ணம், தீட்டித் தீட்டி நடுவில் குழிந்துபோன கல். அந்தக் கல்லை ஒவ்வொருவராகக் கையில் வாங்கிப் பார்த்தோம். இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் அதுதான்.

அடுத்து இமையத்தின் 'செல்லாத பணம்'. 2020ஆம் ஆண்டு விருது. இன்ஜினியரிங் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியை வீட்டாரை எதிர்த்துக் கட்டிக்கொள்கிறாள். பிறகு தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள். அவளே வைத்துக்கொண்டாளா, அவன் வைத்தானா? இமையம் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒரே பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது என்று சிலர் குறைப்பட்டார்கள். வார்டு வாசலில் காத்துக்கிடப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்பது என் கருத்து. இரவில் தனியாக ஆரம்பிக்க வேண்டாம்.

சோ. தர்மனின் 'சூல்' (2019 விருது) உருளைக்குடிக் கண்மாயின் கதை. கரிசல் பேச்சு பழக 50 பக்கமாவது ஆகும். அப்புறம் கீழே வைக்க மனம் வராது. ஊரார் கட்டிக்காத்த கண்மாய் சுதந்திரத்துக்குப் பிறகு எப்படிச் சீரழிந்தது என்பதைப் படித்துவிட்டு, நம் ஊர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள்.

நூலகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரே பிரதிதான். நன்கொடையில் இன்னும் இரண்டிரண்டு வாங்கப் பொதுக்குழு அனுமதி தர வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு மு. ராஜேந்திரனின் 'காலா பாணி'. காளையார்கோவில் போருக்குப் பிறகு பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டவர்களின் கதை. பிரதி என்னிடம் இருக்கிறது. முதலில் கேட்பவர் எடுத்துப்போகலாம்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்