அன்னார் யார்? நெடுந்தீவு ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்துத் தீவான நெடுந்தீவின் பெயரால் கனடாவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சுவிஸிலும் சங்கம் நடத்தும் அண்ணைமார், அக்காமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு மரண அறிவித்தல் சுற்றியது. 'யாழ். நெடுந்தீவைப் பிறப்பிடமாகவும், கிளிநொச்சியை வாழ்விடமாகவும், கனடாவை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கியது. அப்புறம், இறந்தவரைச் சுட்டும் 'அன்னார்' வந்தது. காலஞ்சென்ற தாய் தகப்பன், மனைவி, மக்கள், மருமக்கள், மைத்துனர், சகலன், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் என்று ஓடி, 'இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு' என்று முடிந்தது. எண்ணிப் பார்த்தேன், 41 பெயர்கள். கீழே எட்டுத் தொலைபேசி இலக்கங்கள். குழுவில் கைகூப்பும் படங்கள் மளமளவென்று விழுந்தன. நானும் ஒன்று போட்டேன்.

போட்ட பிறகுதான் உறைத்தது. அந்த மனிதர் என்ன செய்தார், எப்படி இருந்தார் என்று அதில் ஒரு சொல் இல்லை.

நான் அறிந்த அவர் நெடுந்தீவின் மாவிலித்துறையில் நிற்பவர். சோளகக் காற்று பெயர்ந்துவிட்டால் அங்கே படகேறுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படகு ஓரடி எழும், ஓரடி தாழும். துறைக்கும் படகுக்கும் நடுவே கறுப்பாய் ஒரு கீற்றுத் தண்ணீர் வாயைத் திறந்து திறந்து மூடும். இடுப்பில் பிள்ளை, கையில் பை, காலில் வழுக்குகிற செருப்பு. அவர் நம் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அலையைப் பார்த்தபடி நிற்பார். நம் முகத்தைப் பார்க்கவே மாட்டார். படகு மேலே வந்து ஒரு கணம் நிற்கிற நேரம் 'இப்ப' என்பார். காலை வைத்தால் படகுக்குள் இருப்போம். என் அம்மம்மா, நிறைமாதக்காரிகள், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் பாயோடு தூக்கிக்கொண்டு போன நோயாளிகள், எல்லாரும் அந்த 'இப்ப'வை நம்பிக் காலை வைத்தவர்கள். அதற்கு அவருக்கு யாரும் சம்பளம் கொடுத்ததாக நினைவில்லை. அவருக்குப் படகில் வேறு வேலை இருந்தது. இது அவராகச் செய்தது.

41 பெயர்களுக்குள் இந்த 'இப்ப'வுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

உறவுமுறைப் பட்டியலைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஊர் சிதறி ஆளுக்கொரு நாட்டில் கிடக்கிறோம். யாருடைய மகள், யாருடைய மச்சாள் என்று பார்த்துத்தான் 'ஓ, அந்த வளவுப் பிள்ளையா' என்று கண்டுபிடிக்கிறோம். பட்டியல் இருக்கட்டும். அதோடு நின்றுவிடுகிறோமே என்பதுதான் என் கவலை.

நம்மிடம் வழியில்லாமலும் இல்லை. 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் 'கல்வெட்டு' என்ற நினைவுப் புத்தகம் அடிப்பது யாழ்ப்பாணத்தில் தலைமுறைகள் கண்ட வழக்கம். பழைய கல்வெட்டுகளில் இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா இருக்கும், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று பாட்டு இருக்கும். ஊர்ப் பண்டிதரோ வாத்தியாரோ எழுதிக் கொடுப்பார். எல்லாம் ஒரே அச்சுப் பாட்டு என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆனாலும் எழுதியவர் செத்தவரை அறிந்தவர். புலம்பலுக்கு நடுவே அவர் இறைத்த தோட்டமோ, ஓடிய வள்ளமோ ஒரு வரியில் வந்து விழுந்துவிடும்.

இப்போது வருகிற நினைவு மலர்கள் பளபளக்கின்றன. கலர்ப் படம், தேவார திருவாசகம், கந்தசஷ்டி கவசம், நீரிழிவுக்காரர் என்ன சாப்பிடலாம் என்று நாலு பக்கம், கடைசியில் நன்றி நவிலல். வாழ்க்கை வரலாறு என்று ஒன்றரைப் பக்கம். அதில் 'எல்லோருடனும் அன்பாகவும் பண்பாகவும் பழகும் சுபாவம் கொண்டவர்' என்ற வரி தவறாமல் இருக்கும். நான் பார்த்த மலர்களை வைத்துச் சொன்னால், பண்பில்லாமல் பழகிய ஒருவர்கூட நம் தீவில் இதுவரை இறக்கவில்லை.

என் பெரியையா ஊரில் பாதிப்பேரோடு வேலிச் சண்டை பிடித்தவர். அவருடைய மலரிலும் அதே வரி. வாசித்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் அந்தரமாகிவிட்டது. அவர் சண்டை பிடித்ததே வேலி மீது இருந்த பிரியத்தால்தான். நம் தீவில் வேலி என்றால் கல்வேலி. முருகைக்கல் என்கிற பவளப்பாறைக் கல்லை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்குவது, சாந்தும் இல்லை, சீமெந்தும் இல்லை. பெரியையா ஒரு கல்லைக் கையில் எடுத்து இரண்டு தரம் திருப்புவார், பெருவிரலால் அதன் மூலையைத் தடவுவார், பிறகுதான் வைப்பார். வைத்த கல்லை மறுபடி எடுத்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வளவுக்காரர் அவசரத்துக்கு அடுக்கிய வேலியைக் கண்டால் அவருக்கு இரவு நித்திரை வராது. 'மாடு முதுகு தேய்க்க விழுகிற வேலி' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். சண்டை அங்கே தொடங்கும்.

இன்றைக்கு ஊருக்குச் சுற்றுலா வருகிறவர்கள் அந்த வேலிகளுக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். குதிரை, பெருக்கமரம், கோட்டை, கல்வேலி என்று காணொளி போடுகிறார்கள். கோட்டையைக் கட்டியது போர்த்துக்கேயரா ஒல்லாந்தரா என்று கீழே நீளமாய் வாதாடுகிறார்கள். வேலியை யார் கட்டினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல நம்மிடம் ஒரு தாள் இல்லை.

தமிழறிஞர் தனிநாயகம் அடிகளாருடைய தகப்பன் வழி நெடுந்தீவு என்பதை நம் மேடைகளில் யாரும் சொல்ல மறப்பதில்லை. சொல்லத்தான் வேண்டும், எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் 1980இல் மறைந்த அவரைப் பற்றி எழுத உலகத் தமிழறிஞர்கள் இருக்கிறார்கள். துறையில் 'இப்ப' சொன்னவருக்கு நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இன்னொன்றையும் மனதில் வைத்திருக்காமல் சொல்லிவிடுகிறேன். மலர் அடிக்கப் பிள்ளைகள் இருப்பவருக்குத்தான் மலர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் கலரில், ஊரில் இருந்தால் ஒற்றைத் தாளில், பிள்ளையே இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. பறையடித்தவர், தலைமயிர் வெட்டியவர், துணி வெளுத்தவர் எல்லாரும் நம் வீட்டுச் சாவு ஒவ்வொன்றுக்கும் வந்து நின்றவர்கள். அவர்கள் வீட்டுச் சாவுக்கு நாம் என்ன எழுதினோம்? ஒரு சங்கத்தின் ஆண்டு மலருக்கு, சொந்தக்காரர் யாரும் இல்லாத ஒருவரைப் பற்றி எழுதி அனுப்பினேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்டுப் பதில் வந்தது. கொடுத்திருக்கலாம். ஏனோ மனம் வரவில்லை. எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள், அவர்களுக்கும் அச்சுக்கூலி இருக்கிறது.

குமுதினிப் படகை எடுத்துக்கொள்ளுங்கள். 1985 மே 15 அன்று மாவிலித்துறையிலிருந்து போன படகை நடுக்கடலில் மறித்து, பெண்கள் பிள்ளைகள் என்று பாராமல் வெட்டிக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 23 பேர் என்று ஒரு கணக்கு, முப்பதுக்கும் மேல் என்று இன்னொரு கணக்கு. நாற்பது ஆண்டாகியும் இந்த எண்ணிக்கையில்கூட நாம் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஒவ்வொரு மே 15க்கும் விளக்கேற்றுகிறோம், பூப்போடுகிறோம், பெயர் வாசிக்கிறோம். அன்று காலை அவர்கள் எதற்காகப் படகேறினார்கள்? யார் ஆஸ்பத்திரிக்குப் போனது, யார் சம்பளம் எடுக்கப் போனது, யார் கலியாணத்துக்கு உடுப்பெடுக்கப் போனது? முதல் நாள் இரவு வீட்டில் என்ன கதைத்தார்கள்? சாவு எப்படி நடந்தது என்று எழுதியிருக்கிறோம். எழுத வேண்டிய சாவுதான். அதற்கு முன்னால் அவர்கள் இருந்த இருப்பு எங்கேயும் இல்லை. அன்று தப்பி வந்தவர்களில் இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது அறுபது. கேட்க இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். பத்து வருடத்துக்குப் பிறகு இதே வரியை எழுத முடியுமா தெரியாது.

சரி, என்ன செய்யலாம்? கோடைகால ஒன்றுகூடலுக்கு மண்டபமோ பூங்காவோ எடுக்கிறீர்கள். கயிறிழுத்தல், சாப்பாடு, பேச்சு எல்லாம் நடக்கிறது. ஒரு மூலையில் இரண்டு கதிரையும் ஒரு கைத்தொலைபேசியும் போதும். எழுபது தாண்டியவர்களை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து உட்காரவையுங்கள். கேட்பது இங்கே பிறந்த பிள்ளைகளாக இருந்தால் இன்னும் நல்லது. நமக்குத் தெரியும் என்று நாம் தாண்டிப் போவதை எல்லாம் அவர்கள் நின்று கேட்பார்கள். 'ஒடியல் என்றால் என்ன அம்மப்பா' என்று ஒரு பிள்ளை கேட்டால், அங்கிருந்து ஒரு மணி நேரக் கதை ஓடும். பிறந்த திகதியையும் படித்த பாடசாலையையும் முதலில் கேட்டுவிடாதீர்கள், ஆள் கிளாக்கருக்குப் பதில் சொல்வதுபோல் ஆகிவிடுவார். விடிய எழும்பினால் முதல் வேலை என்ன, எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தீர்கள், அதை யார் சுமந்தது, யாரோடு கோபம், கோபம் எப்படித் தீர்ந்தது, இப்படிக் கேளுங்கள்.

ஊரிலும் ஆறு கிராம சேவையாளர் பிரிவுகள்தான். பிரிவுக்கு ஒரு பொடியனோ பெட்டையோ போதும். அவர்களுடைய போக்குவரத்துக்கும் தொலைபேசிக் காசுக்கும் சங்கம் பொறுப்பெடுத்தால் வேலை நடக்கும். கோயில் கோபுரத்துக்குச் சேர்க்கிற காசில் கால்வாசிகூட வேண்டாம். (கோபுரத்துக்குச் சேர்க்க வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் கதையைக் கிளப்பிவிடாதீர்கள்.)

எழுதியதைச் சங்கச் செயலாளரின் கணினியில் பூட்டிவைக்க வேண்டாம். செயலாளர் மாறுகிறபோது கணினியும் மாறிவிடுகிறது. 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்திவரும் 'நூலகம்' இணையத்தளத்தில் நினைவு மலர்களும் இருக்கின்றன. உங்கள் வீட்டு அலுமாரியில் பெட்டகக் கடதாசி போல் மங்கிக்கொண்டிருக்கும் பழைய கல்வெட்டுகளையும் அங்கே சேர்க்கலாம். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

அப்புறம், அந்த 'அன்பாகவும் பண்பாகவும்' வரியைத் தயவுசெய்து ஒரு வருடத்துக்கு நிறுத்திவையுங்கள். அந்த இடத்தில் அவர் அடிக்கடி சொல்கிற ஒரு வசனத்தைப் போடுங்கள். கெட்ட வார்த்தை என்றால் பாதியில் புள்ளி வைத்துக்கொள்ளலாம்.

சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது சரியில்லை என்பதால் ஒருவரை நானே எழுதித் தொடங்குகிறேன்.

எங்கள் ஒழுங்கைக் கடைசியில் ஒரு ஆச்சி இருந்தார். பிள்ளைகுட்டி இல்லை. கடகம் என்ற பனையோலைப் பெட்டி இழைப்பார், அதனால் கடகத்தாச்சி. உள்ளுக்குக் குருத்தோலை, வெளியில் சார்வோலை, விளிம்புக்கு நார் கட்டு. இழைக்கிறபோது கால் பெருவிரலால் ஓலையை மிதித்துப் பிடித்துக்கொள்வார், அந்த விரல் மற்ற விரல்களைவிட்டு விலகி நிற்கும். பின்னேரங்களில் நாங்கள் போய் உட்கார்ந்தால் பனம்பழப் பனாட்டுத் துண்டு கிடைக்கும், கூடவே ஏச்சும் கிடைக்கும். ஒவ்வொரு கடகத்தின் அடியிலும் சிவப்புச் சாயம் தோய்த்த ஓலை ஒன்றை ஓடவிடுவார். ஏன் ஆச்சி என்று கேட்டதற்கு, 'களவு போனால் என்ரை எண்டு சொல்ல வேண்டாமே' என்றார். நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று அவர் வரவில்லை. படலையில் நின்று, போங்கோ போங்கோ என்று கையைக் காட்டினார். அதற்குப் பிறகு எப்போது இறந்தார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அம்மா கொண்டுவந்த கடகம் ஒன்று என் வீட்டு அலுமாரிக்கு மேல் இருக்கிறது. நேற்று இறக்கித் துடைத்துத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு மங்கிவிட்டது, ஆனால் ஓலை தெரிகிறது.

ஆச்சியின் பெயரை அம்மாவிடம் கேட்டேன். 'கடகத்தாச்சி எண்டுதான் தெரியும்' என்றார். மாமி தங்கம்மாவா தங்கமுத்துவா என்று இழுக்கிறார். தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நெடுந்தீவு மேற்கில் பிறந்து, கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் ஒருவன்