மர்ம நாவல்களுக்கும் ஒரு பத்தி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை நூல் அறிமுகப் பக்கத்தைத் தவறாமல் படித்து வருகிறேன். கவிதை, வரலாறு, ஆன்மிகம் என எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும் அந்தப் பக்கத்தில் மர்ம நாவல்கள் மட்டும் தலைகாட்டுவதே இல்லை. எங்கள் ஊர்க் கிளை நூலகத்திலோ, கை மாறி மாறி அட்டை நைந்து கிடப்பவை பெரும்பாலும் அந்த நாவல்கள்தாம். வாசகர் வட்டத்துக்கு வரும் இளைஞர்கள் விறுவிறுப்பாகப் படிக்க ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கும்போது, கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் மறுபடி எடுத்துப் படிக்கத் தோன்றுகிறதா என்ற ஒரே அளவுகோலை வைத்துத்தான் பரிந்துரைக்கிறேன். அதில் தேறியவற்றில் சிலவற்றைத் தங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ 1968-இல் குமுதத்தில் வெளிவந்தது. அது அவருடைய முதல் தொடர்கதை. வழக்கறிஞர் கணேஷ் அறிமுகமானதும் அதில்தான். பம்பாயில் நடந்த ஒரு கொலையைப் பற்றிய விசாரணைக்கு நடுவே சுனந்தா என்ற பெண்ணின் டயரிக் குறிப்புகள் வந்துகொண்டிருக்கும். கொலையாளியைத் தெரிந்துகொள்ளும் அவசரத்தில் முதல் முறை அந்தக் குறிப்புகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தாண்டிவிடுவோம். இரண்டாம் முறை படிக்கும்போதோ, அந்தப் பக்கங்களை விட்டு நகர மனம் வராது.

சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ இன்னும் ஒரு படி மேல். பரம்பரைச் சொத்து கைக்கு வரப்போகும் லீனா என்ற இளம்பெண், அந்தச் சொத்தைக் கவனித்துவரும் சித்தப்பா, கணக்கு வழக்குகளைச் சரிபார்க்கப் போன இடத்தில் விளங்காத காட்சிகளைக் காணும் கணேஷும் அவனுடைய ஜூனியர் வசந்தும் என்று கதை நகர்கிறது. நடப்பதற்கெல்லாம் அறிவியலில் விளக்கம் உண்டு என்று கணேஷ் பிடிவாதம் பிடிக்க, இது வேறு ஏதோ என்று வசந்த் வாதாடுகிறான். படிப்பவரும் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தே தீர வேண்டியிருக்கிறது. இரவில் தனியாக இருக்கும்போது இதைத் தொடங்க வேண்டாம் என்பது என் சொந்த ஆலோசனை. அவருடைய ‘கரையெல்லாம் செண்பகப்பூ’வில் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டக் கிராமத்துக்கு வரும் ஆராய்ச்சியாளன் ஒரு பழைய ஜமீன் மாளிகையில் தங்குகிறான். அத்தியாயங்களின் தலைப்பில் தரப்பட்டிருக்கும் நாட்டுப்பாடல்களுக்காகவே அதைத் திரும்பப் படிக்கலாம்.

எழுத்தாளர் தேவனைத் ‘துப்பறியும் சாம்பு’வோடு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம். அதிர்ஷ்டத்தின் தயவில் குற்றவாளிகளைப் பிடித்துவிடும் அந்த வங்கி குமாஸ்தாவை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவருடைய ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ வேறு வகையான சாதனை. ஒரு கொலை வழக்கின் விசாரணைதான் கதை. துரத்தலோ துப்பாக்கியோ இல்லாமல், சாட்சிக் கூண்டில் ஏறுபவர்களின் வாய்ப்பேச்சையும் வக்கீல்களின் குறுக்கு விசாரணையையும் வைத்தே ஒரு பெரிய நாவலைத் தொய்வில்லாமல் நடத்திச் செல்கிறார். நம் நீதிமன்றங்களில், வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்களான ஜூரிகள் அமர்ந்திருந்த காலத்தையும் அதில் பார்க்க முடிகிறது.

1908-இல் வெளியான ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்கள் ஆகியவற்றின் நடை இன்றைய வாசகருக்குச் சற்றுக் கரடுமுரடாக இருக்கும். பொறுமை உள்ளவர்கள் முயலலாம். ராஜேஷ்குமாரின் வேகத்துக்கு ஈடு இல்லை. பேருந்துப் பயணத்துக்கு அவரை விட்டால் வேறு துணை ஏது? இருந்தாலும் என் அளவுகோலில் அவருடைய நாவல்களில் சிலவே நிற்கின்றன.

ஆங்கிலத்தில் படிக்கக் கூடியவர்களுக்கு, ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோ 2005-இல் வெளியிட்ட ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ நாவலை அவசியம் பரிந்துரைப்பேன். கொலையைச் செய்தது யார் என்பதைத் தொடக்கத்திலேயே ஆசிரியர் காட்டிவிடுகிறார். மதிய உணவுப் பெட்டி விற்கும் கடையில் வேலை செய்யும் ஒரு பெண். அவளைப் பார்ப்பதற்காகவே தினமும் அங்கே உணவு வாங்கும், அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கும் கணித ஆசிரியர். சுவருக்கு அப்பால் கேட்ட சத்தத்திலிருந்து நடந்ததை ஊகித்துக்கொண்டு, அவர் அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அவர் போட்ட கணக்கு என்ன என்பதுதான் மர்மம். அகதா கிறிஸ்டியை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றாலும், 1926-இல் வந்த ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ நாவலை மட்டும், யாரிடமும் எதுவும் விசாரிக்காமல் நேரே படித்துவிடுவது நல்லது.

விசாரிப்பதில் ஆபத்து இருக்கிறது. நான் இரவல் எடுத்த நூலகப் பிரதி ஒன்றில், கொலையாளியின் பெயர் வரும் முதல் இடத்திலேயே பென்சிலால் வட்டம் போட்டு, ‘இவன்தான்’ என்று எழுதி வைத்திருந்தார் முன்பு படித்த ஒரு புண்ணியவான். மதிப்புரை எழுதுபவர்களும் முன்னுரை வழங்குபவர்களும் பல நேரங்களில் அதையே மையினால் செய்கிறார்கள். தங்கள் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது ஒரு மர்ம நாவலை, கதை தொடங்கும் இடத்தையும் அது நடக்கும் சூழலையும் மட்டும் சொல்லி, முடிவைத் தொடாமல் அறிமுகப்படுத்தும் பத்தி ஒன்றைத் தொடங்க வேண்டுகிறேன். முதல் மாதத்துக்கு ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ பொருத்தமாக இருக்கும். சாம்புவைத் தெரிந்த அளவுக்கு அந்த நீதிபதியைப் பலருக்குத் தெரியவில்லை.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.