பகுதியைக் காணோம்

அன்பு மகளுக்கு,

உன் கால்பந்து ஆய்வேட்டில் நீ அனுப்பிய நான்காம் இயலை நேற்று ராத்திரி படித்து முடித்தேன். வரைபடங்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் ஒரு வாக்கியத்தில் என் பேனா நின்றுவிட்டது. “கோல்களில் பெரும்பாலானவை பந்தைப் பறித்த 10 வினாடிக்குள் வந்தவை; எனவே வேகமாகத் தாக்குவதே சிறந்த உத்தி.” சரி, 10 வினாடிக்குள் முடிந்துபோன தாக்குதல்கள் மொத்தம் எத்தனை? இயல் முழுக்கத் தேடினேன். பின்னத்தில் மேலே நிற்கும் தொகுதி இருக்கிறது, கீழே நிற்கும் பகுதியைக் காணோம்.

இந்தப் பள்ளத்தில் உனக்கு முன்பே ஒருவர் விழுந்திருக்கிறார். சார்லஸ் ரீப், பிரிட்டிஷ் விமானப்படையில் கணக்கு பார்த்தவர். 1950 முதல் கால்பந்து மைதானங்களில் உட்கார்ந்து ஆட்டத்தைக் கையாலேயே குறித்துவந்தார். 1968-இல் புள்ளியியலாளர் பெர்னார்ட் பெஞ்சமினோடு சேர்ந்து கட்டுரை வெளியிட்டார். கோல்களில் சுமார் 80 சதவீதம் மூன்று பாஸ்களுக்குள் வந்தவை என்று கண்டார். அதனால் பாஸ் கொடுத்துக்கொண்டிருக்காதே, பந்தை நேராக முன்னே அனுப்பு என்றார். கேட்டு நடந்த பயிற்சியாளர்களும் உண்டு. ஆனால் அவருடைய தரவிலேயே, தாக்குதல்களில் 90 சதவீதத்துக்கும் மேல் மூன்று பாஸ்களுக்குள் முடிந்துபோனவை. அந்தத் தொண்ணூறு சதவீதத் தாக்குதல்கள் சேர்ந்து 80 சதவீதக் கோல் தருகின்றன, மிச்சமிருக்கும் பத்து சதவீதத்துக்கும் குறைவானவை 20 சதவீதக் கோல் தருகின்றன. எது மேல் என்று நீயே சொல்.

உடனே கட்சி மாறி, நீளமாக பாஸ் கொடுப்பதே மேல் என்றும் எழுதிவிடாதே. பந்தை அதிக நேரம் வைத்திருப்பதே பெரும்பாலும் நல்ல அணிகள்தான். அவர்கள் எப்படி ஆடினாலும் கோல் போடுவார்கள். அணியின் பலத்தைத் தனியாகப் பிரித்த பிறகு பேசு.

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்காதே. நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு வருஷம் என் வகுப்பு நூறு சதவீதத் தேர்ச்சி. தேர்வு எழுதவிடாமல் நிறுத்தப்பட்ட இரண்டு பையன்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நானும் கைதட்டல் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அப்புறம், ஐந்தாம் இயலில் ‘ஃபார்ம்’ பற்றி எழுதப்போவதாகச் சொன்னாயே. கூடைப்பந்தில் தொடர்ந்து போடுகிறவன் கை ‘சூடாக’ இருப்பது வெறும் பிரமை என்று 1985-இல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் எழுதினார்கள். அதை அப்படியே மேற்கோள் காட்டிவிட்டுப் போகாதே. ஒரு நாணயத்தை எடு. மூன்று முறை சுண்டினால் எட்டு வரிசைகள் வரலாம். எட்டையும் எழுதி, ஒவ்வொன்றிலும் தலைக்கு அடுத்து மறுபடி தலை விழுந்த விகிதத்தைக் குறி. தலைக்கு அடுத்து ஒன்றுமே இல்லாத இரண்டு வரிசைகளைத் தள்ளிவிட வேண்டியிருக்கும். மீதி ஆறுக்கும் சராசரி எடுத்தால் பாதி வராது, 5/12 வரும். அதாவது சூடே இல்லாத நாணயத்துக்கும் இப்படிக் கணக்கிட்டால் பாதிக்குக் கீழேதான் வரும்; பாதி வந்தாலே ‘சூடு’ இருக்கிறது என்று அர்த்தம். நான் நம்பாமல் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அந்தப் பழைய கணக்கில் இந்தச் சாய்வு ஒளிந்திருந்ததைப் பொருளியலாளர்கள் மில்லரும் சான்ஹுர்ஹோவும் 2018-இல்தான் காட்டினார்கள். 33 வருஷம்! நெறியாளர் உன் வரைவில் சிவப்பு மையைக் கொட்டியதற்கு அழுதாய் என்று அம்மா சொன்னாள். அதற்காக இதையும் சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்று. ஒரு ஷாட் கோலாகும் வாய்ப்பைக் கணிக்கிற எக்ஸ்ஜி மாதிரியைச் சோதிக்கும்போது ஷாட்களைக் கலைத்துப்போட்டுப் பிரித்திருக்கிறாய். ஒரே ஆட்டத்தின் ஷாட்கள் பயிற்சித் தரவிலும் சோதனைத் தரவிலும் விழுந்திருக்கும்; ஏற்கெனவே பார்த்த ஆட்டத்திலேயே மாதிரி தேர்வு எழுதியதாகிவிடும். ஆட்டம் ஆட்டமாகப் பிரி, முடிந்தால் சீசன் சீசனாக. துல்லியம் கொஞ்சம் இறங்கினால் இறங்கட்டும், இறங்கிய எண்ணையே எழுது.

முழு இயலையும் திருத்தி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கோல் வராமல் முடிந்த தாக்குதல்களை மட்டும் எண்ணி, அந்த ஒரு அட்டவணையை முதலில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியைத் துடைத்துவைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா