வகுக்கும் எண்ணையும் பார்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

ஆன்லைன் விற்பனை எவ்வளவு பெரிது, எவ்வளவு வளர்கிறது என்று அறிக்கை கேட்கிறார்கள், மூன்று இடத்தில் தேடினால் மூன்று எண் வருகிறது என்று போனில் புலம்பினாய். தூக்கக் கலக்கத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். இரண்டு நாளாக அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது.

மூன்றுமே சரியாக இருக்கலாம், அம்மா. ஒருவர் ஆர்டர் ஆன மொத்த மதிப்பைச் சொல்வார். ரத்தானதும் திரும்பி வந்ததும் அதற்குள் கிடக்கும். இன்னொருவர் தளத்தின் வருமானத்தைச் சொல்வார். பிறர் சரக்கை விற்றுக் கொடுக்கும் தளத்துக்கு அது கமிஷனும் கட்டணமும்தான். மூன்றாமவர் விமான டிக்கெட்டையும் சேர்த்திருப்பார். அமெரிக்க அரசின் சில்லறை விற்பனைக் கணக்கில் பயண முன்பதிவு சேராது. (வேலைக்குச் சேர்ந்த புதிதில் அனுப்பிய சரக்கையெல்லாம் விற்பனை என்று எழுதியவன் நான். திரும்பி வந்த மூட்டைகள் கிடங்கில் குவிந்த பிறகுதான் விழித்தேன்.)

இதெல்லாம் பங்கு கணக்கிடும்போது மேலே இருக்கும் எண்ணின், அதாவது இணைய விற்பனையின் கதை. எனக்குப் பயம் கீழே இருக்கும் எண்ணில்தான், அதாவது வகுக்கிற மொத்தச் சில்லறை விற்பனையில்.

பிரிட்டனில் சில்லறை விற்பனையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இணையத்தில் நடக்கிறது, அமெரிக்காவில் ஆறில் ஒன்றுதான் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடாதே. அமெரிக்காவின் மொத்தத்தில் கார் விற்பனையும் பெட்ரோலும் அடக்கம். பிரிட்டன் அந்தப் பங்கைக் கணக்கிடும்போது இரண்டும் கிடையாது. வகுக்கும் எண் பெருத்தால் பங்கு இளைக்கத்தானே செய்யும்?

2020ஐ எடுத்துக்கொள். அமெரிக்காவில் முதல் காலாண்டில் சுமார் 12 சதவீதமாக இருந்த இணையப் பங்கு, அடுத்த காலாண்டில் சுமார் 16 ஆனது. இணைய விற்பனை எகிறியது நிஜம்தான். ஆனால் கடைகள் மூடிக் கிடந்ததில் மொத்த விற்பனையும் சுருங்கியது. அதுவும் சேர்ந்துதான் பங்கைத் தூக்கிக் காட்டியது. கடைகள் திறந்ததும் பங்கு கொஞ்சம் இறங்கியது. அதைப் பார்த்து இணையச் சந்தை சரிந்துவிட்டது என்று எழுதினால் தப்பு. தொகை பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. அதனால் பங்கை மட்டும் தராதே, தொகையையும் சேர்த்துக் கொடு.

வளர்ச்சியைச் சொல்லும்போது போன வருடத்தின் அதே காலாண்டோடு ஒப்பிடு. பண்டிகைக் காலாண்டை அடுத்த காலாண்டோடு வைத்தால் எல்லாச் சந்தையும் படுத்துவிட்ட மாதிரிதான் தெரியும். அப்புறம், விலைவாசி ஏறியதைக் கழித்தாயா? 1999 கடைசிக் காலாண்டில் அமெரிக்கா முதன்முதலில் அளந்தபோது இணையப் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. அவ்வளவு சின்ன எண் இரட்டிப்பானதாக யாராவது மார்தட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு.

சரி, வரைவு முடிந்ததும் அனுப்பு. கண்ணாடி புதுசு மாற்றியாகிவிட்டது, அடிக்குறிப்பு வரை படிப்பேன்.

அன்புடன்,
அப்பா