ஆசிரியர் நாளின் மூல ஆவணம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அக்டோபர் 5 உலக ஆசிரியர் நாள் என்பதை அறிந்த பலரும், 1966-இல் அதே நாளில் பாரிஸ் நகரில், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் ஒத்துழைப்புடன் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு ஏற்றுக்கொண்ட, ஆசிரியர்களின் நிலை குறித்த பரிந்துரையையே அந்நாள் நினைவுகூர்கிறது என்பதை அறிவதில்லை. ஒத்த தகுதி தேவைப்படும் பிற பணிகளுக்கு ஈடான ஊதியம், ஒவ்வொரு மாணவரையும் தனித்துக் கவனிக்க இயலும் வகுப்பு அளவு, கற்பித்தல் சாராத வேலைகளுக்குத் துணைப் பணியாளர்கள் என அது கேட்டவை பல நாடுகளில் இன்னும் கைகூடவில்லை. 2030-க்குள் உலகிற்கு மேலும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்று யுனெஸ்கோ கணித்துள்ளது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், பணியை விட்டு விலகுவோரின் இடத்தை நிரப்பவே தேவைப்படுகின்றனர் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

நம் நாட்டிலும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்த்த கல்வி சாராப் பணிகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்தக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 27-ஆம் பிரிவில் கூறுகிறது. செப்டம்பர் 5 அன்று வாழ்த்துரை வழங்கும் அரசுகள், இப்பிரிவு எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகிறது என்பதை ஆண்டுதோறும் மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், தஞ்சாவூர்